பேப்பர் கடைத் தராசு காட்டிய எடை

நடந்தவை:

1. கோயில் திருவிழாக் குத்துச்சண்டைக்கு வந்தவர்களை எடை பார்க்க வேண்டிய காலையில், எங்கள் கிளப்பின் எடை மெஷின் கெட்டுப்போனது.
2. மாஸ்டர் எதிரில் இருந்த பழைய பேப்பர் கடைத் தராசை இரவல் வாங்கி வந்தார்.
3. ஆனேக்கல்லிலிருந்து வந்த ஒரு பெண் அதில் ஏறி நின்றாள். நாற்பத்தெட்டு கிலோ காட்டியது. அது என் தங்கச்சியின் பிரிவு.
4. அந்தப் பெண் நாற்பத்தெட்டு கிலோ இல்லை.
5. அது தெரிந்த பிறகும் தங்கச்சி அவளோடு மோத ரிங்கில் ஏறினாள்.
6. ஜெயித்தாள்.
7. அந்த ஜெயிப்பு எந்தச் சான்றிதழிலும் இல்லை.

ஆபீஸில் ஏதாவது கோளாறு நடந்தால் நாங்கள் முதலில் இப்படித்தான் எழுதுவோம். என்ன நடந்தது என்பதை மட்டும், வரிசையாக, யாரையும் குறை சொல்லாமல். ஏன் நடந்தது என்பது அதற்குப் பிறகு. தொம்மலூரில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை என்பதால் எனக்கு இது பழகிவிட்டது. ஆனால் மேலே உள்ள ஏழு வரிகளையும் படித்துப் பார்த்தபோது, எல்லாம் சரியாக இருந்தும் அந்த ஹாலின் வாசனை அதில் எங்கேயும் இல்லை. அதனால்தான் மீதியையும் எழுதுகிறேன்.

ஆஸ்டின் டவுனில் எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஹால் அது. பகலில் நர்சரி பள்ளி, ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேசம், தினமும் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஏழரை வரை குத்துச்சண்டை. காலையில் குழந்தைகள் தொங்கி ஆடாமல் இருக்க, மணல் மூட்டையைக் கயிற்றால் உத்தரத்தோடு தூக்கிக் கட்டியிருப்பார்கள். முதலில் வருகிறவர் அதை இறக்க வேண்டும். பினாயிலும், ஈரம் காயாத கிளவுஸும், பக்கத்து பேக்கரியில் வேகும் ரஸ்க்கும் சேர்ந்த ஒரு வாசனை. இன்றைக்கும் எங்காவது ரஸ்க் வாசனை வந்தால், எனக்குப் பசிக்கு முன்னால் அந்த மணல் மூட்டைதான் ஞாபகம் வருகிறது.

கிளப்பில் இடது கை கிளவுஸ்தான் எப்போதும் முதலில் கிழியும். குத்துச்சண்டையில் இடது கைதான் ஓயாமல் வேலை செய்கிறது. வலது கை சமயம் பார்த்து வருவது. அதனால் வலது கை கிளவுஸ் மட்டும் ஒரு கோணிப்பை நிறைய மிஞ்சிக் கிடந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டு கையிலும் வலது கை கிளவுஸ் மாட்டிக்கொண்டுதான் பழகினார்கள். தங்கச்சியும் அப்படித்தான் ஆரம்பித்தாள். அப்போது பத்தாம் வகுப்பு. இருட்டியபின் தனியாக வர வேண்டாம் என்று அம்மா அக்காவான என்னைத் துணைக்கு அனுப்பினாள். நான் இன்ஜினியரிங் முதல் வருடம். ஹால் படிக்கட்டில் உட்கார்ந்து அசைன்மென்ட் எழுதுவேன். சும்மாதானே இருக்கிறாய் என்று மாஸ்டர் ஒருநாள் என் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்தார். அன்றிலிருந்து ரவுண்டு தொடங்க, முடிய மணி அடிப்பது என் பொறுப்பு.

மாஸ்டர் பகலில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். குட்டையான மனிதர், தொப்பை உண்டு, விசில் இல்லாமல் பேசவே மாட்டார்.

தங்கச்சியிடம் ஒரு பிரச்சினை இருந்தது. அவள் மெலிந்தவள். நாற்பத்தாறு கிலோ. பெங்களூரில் நடக்கும் சின்னச் சின்னப் போட்டிகளில் அந்த எடையில் வேறு பெண் யாருமே வர மாட்டார்கள். எதிராளி இல்லாவிட்டால் வாக்ஓவர். ரிங்கில் ஏறி, நடுவில் நின்று, ரெஃப்ரி கையைத் தூக்கிவிட, இறங்கி வந்துவிட வேண்டும். இரண்டு போட்டியில் இரண்டு தங்க மெடல் வாங்கியிருந்தாள். இரண்டிலும் யாரும் அவளைத் தொடவில்லை. அவளும் யாரையும் தொடவில்லை.

இது தெருவுக்கே தெரியும். பேக்கரி மாமா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"என்ன வாக்ஓவர், பன்னு வேணுமா?"

"குடுங்க மாமா."

"நீ எதுக்கு கேக்குற? கடை முன்னாடி நின்னா போதும், பன்னு தானா வந்து கைல உக்காரும்."

தங்கச்சி சிரிப்பாள். வீட்டுக்கு வந்ததும் பன்னை என் கையில் கொடுத்துவிடுவாள்.

ஹூப்ளியில் மாநிலப் போட்டி வந்தது. மாஸ்டர் அவள் பெயரைக் கொடுக்கத் தயார். பதினெட்டு ஆகாததால் அப்பாவின் கையெழுத்து வேண்டும். அப்பா காகிதத்தை வாங்கிப் படித்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்பா கோலார் தங்கவயலில் பிறந்தவர். தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அப்பா பெங்களூரில் ஃபேக்டரி வேலை கிடைத்து, பல வருடம் விடியற்கால ரயிலில் வந்து போய், கல்யாணத்துக்குப் பிறகுதான் இங்கே வீடு பார்த்தார். குத்துச்சண்டை பற்றி அவரிடம் ஒரே ஒரு கதை உண்டு. அவருடைய சின்ன தாத்தா, குள்ளமான ஆள், சுரங்கத்து வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவனை கிளப் ரிங்கில் கீழே தள்ளிய கதை. அந்த ரயில் பெட்டியில் எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு குள்ளமான தாத்தா இருந்தாராம். பங்காரப்பேட்டை வருவதற்குள் மூன்று துரைமாராவது விழுந்திருப்பார்களாம். நான் ஐந்தாம் வகுப்பில் கேட்டபோது எங்கள் துரை ஆறடி. பத்தாவது முடித்து பி.யூ.சி. சேர்ந்தபோது ஆறரை ஆகியிருந்தான். நான் இதைச் சுட்டிக்காட்டியபோது அப்பா, "வெள்ளைக்காரன் வளர்றதுக்கு நான் என்ன செய்ய?" என்றார்.

ஆனால் கையெழுத்து விஷயத்தில் அவர் விளையாடவில்லை. மறுநாள் காப்பி குடித்துக்கொண்டே தங்கச்சியிடம் சொன்னார்.

"பாப்பா, உன்னை இதுவரைக்கும் யாரும் அடிக்கல. ரெண்டு மெடலும் சும்மா நின்னு வாங்கினது. மொத அடி நான் இல்லாத ஊர்ல விழக்கூடாது. இங்க, என் கண்ணு முன்னாடி ஒரு ஃபைட் ஆடு. தாங்குறியான்னு பாக்குறேன். அப்புறம் போடுறேன்."

"தாங்குவேன்பா."

"சொல்றதுக்கு வாய் போதும். நான் பாக்கணும்."

"தாங்குறாளான்னு தெரிய எதுக்கு அடி?" என்றாள் அம்மா. "ஒரு வாரம் பாத்திரம் கழுவச் சொல்லுங்க, தெரிஞ்சிரும்."

ஹூப்ளிக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாளுக்குள் இருந்த ஒரே போட்டி எங்கள் திருவிழாப் போட்டிதான். அதிலும் எதிராளி வராவிட்டால் கையெழுத்து இல்லை. ஹூப்ளி இல்லை. அடுத்த வருடம் அவளுக்கு இரண்டாம் பி.யூ.சி. தேர்வு, அதற்கப்புறம் யார் விடப்போகிறார்கள் என்று அவளுக்கே தெரியும். திருவிழாவுக்கு முந்தின வாரம் முழுக்க அவள் மாஸ்டரிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "சார், யாராச்சும் பேர் குடுத்தாங்களா?"

யாரும் கொடுக்கவில்லை.

எடை பார்க்கும் காலையில் கிளப்பின் மெஷினில் முள் அசையவில்லை. யாரோ முந்தின நாள் அதன்மேல் ஏறி நின்று ட்யூப்லைட் மாட்டியிருக்கிறார்கள். மாஸ்டர் தெருவைக் கடந்து போய் பாயிடம் தராசு கேட்டார். பழைய பேப்பர் கடை பாயை எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு மாதமும் அம்மா பேப்பர் கட்டைக் கையில் தூக்கிப் பார்த்து ஒரு எடை சொல்லுவாள். பாயின் தராசு அதைவிடக் குறைவாகவே காட்டும்.

"பாய், உங்க தராசுல ஏறினா நானே கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிடுவேன்."

"ஈரமில்லாத பேப்பர்மா. காஞ்சா எடை கம்மிதான்."

வருடக்கணக்காக நடக்கும் பேச்சு. அம்மா மட்டுமில்லை, மொத்தத் தெருவும் அந்தத் தராசைத் திட்டித்தான் பேப்பர் போட்டது. அதே தராசை, ஏறி நிற்கும் பலகையும் எடை காட்டும் கம்பியுமாக, இரண்டு பேர் தூக்கி வந்து ஹால் வாசலில் வைத்தபோது ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. பேப்பருக்கு நம்பாத தராசை மனிதர்களுக்கு நம்பினோம். அதில் ஏறியவர்கள் எல்லோரும் சந்தோஷமாக இறங்கினார்கள். மாஸ்டரே ஏறிப் பார்த்துவிட்டு, "பாத்தியா, காலைல ஓடுறது வீண் போகல" என்றார். மனிதர்களுக்குக் குறைவாகக் காட்டும் தராசை யார் சந்தேகப்படுவார்கள்?

தங்கச்சியை அவர் எடை பார்க்கக்கூட இல்லை. "நீ ஸ்கூல் பேக்கோட ஏறினாலும் உள்ளதான் இருப்ப, போ" என்று அனுப்பிவிட்டார்.

கடைசியாக வந்தவள் ஆனேக்கல் பெண். முதல் பஸ் பிடித்து, தன் பள்ளி பி.டி. வாத்தியாரோடு வந்திருந்தாள். இரட்டைப் பின்னல், அகலமான தோள், தங்கச்சியைவிட ஒரு தலை உயரம். எடைக்காக முந்தின ராத்திரியிலிருந்து சாப்பிடவில்லை என்றாள். தராசில் ஏறினாள். கம்பி நாற்பத்தெட்டில் நின்றது. மாஸ்டர் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"எலும்பு லேசு போல" என்று எழுதிக்கொண்டார்.

அந்தப் பெண் இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "இங்க இட்லி எங்க கிடைக்கும்?"

தங்கச்சி என் கையைப் பிடித்து அழுத்தினாள். பயத்தில் இல்லை. ஒரு எதிராளி இருக்கிறாள் என்பதே அவளுக்கு அன்றைக்குப் போதுமாக இருந்தது.

சாயங்காலம் ஹாலில் சீரியல் பல்புகள் எரிந்தன. பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. பெண்கள் தயாராக ஞானோபதேச வகுப்பறையைக் கொடுத்திருந்தார்கள். குழந்தைகளுக்கான குட்டி பெஞ்சில், சுவரில் பத்துக் கட்டளைகளின் கீழே உட்கார்ந்து நான் தங்கச்சியின் கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். ஆனேக்கல் பெண் எதிர்ப் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள்.

"அக்கா, ஒரு விஷயம். அந்தத் தராசு சரியில்ல."

"ஏன்?"

"போன வாரம் ஆஸ்பத்திரி மெஷின்ல நான் அம்பத்தாறு. ஒரு வாரத்துல எட்டு கிலோ எப்படி எளைப்பேன்? காலைல பசில ஒண்ணும் தோணல. இட்லி சாப்பிட்டப்புறம்தான் யோசிச்சேன்."

"உங்க சார்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். சும்னே இரு, வந்ததை விடாதேன்னுட்டாரு." பிறகு தங்கச்சியைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு அது வேணாம். நாளைக்கு எவளாச்சும், சின்னப் பொண்ணை ஏமாத்தி அடிச்சுட்டு வந்தான்னு சொல்லுவா."

நான் வெளியே போனேன். தராசு இன்னும் வராந்தாவில்தான் இருந்தது. பக்கத்தில் குடிநீர் கேன்கள் வரிசையாக நின்றன. சீல் உடைக்காத இருபது லிட்டர் கேன் ஒன்றைத் தூக்கித் தராசில் வைத்தேன். தண்ணீர் மட்டுமே இருபது கிலோ. கேனும் சேர்ந்தால் கொஞ்சம் கூட வர வேண்டும். தராசு பதினெட்டைக்கூடத் தொடவில்லை. அந்தக் கணக்கில் நாற்பத்தெட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஐம்பத்தாறு வந்தது. ஆஸ்பத்திரி மெஷின் சரி. அந்தப் பெண் சொன்னதும் சரி. தங்கச்சியைவிடப் பத்துக் கிலோ கூட.

திரும்பி வந்து சொன்னேன். தங்கச்சி சுற்றிய துணியின் நுனியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"மாஸ்டர்கிட்ட சொன்னா என்ன ஆகும்?"

"எதிராளி எடை கூடன்னு உனக்கு வாக்ஓவர்."

"மூணாவதும் நின்னுட்டே வாங்கணுமா?" அழவில்லை. ஆனால் அப்படி ஒரு குரலை நான் அவளிடம் அதற்கு முன் கேட்டதில்லை. பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ, சின்னப் பொண்ணு பாவம்னு மெதுவா அடிப்பியா?" என்று கேட்டாள்.

"எனக்கு மெதுவா அடிக்கத் தெரியாதே."

"அப்ப சரி." என்னிடம் திரும்பினாள். "அக்கா, நீ அப்பாகிட்ட சொல்லு. எவ்ளோ கிலோன்னு சரியா சொல்லு. அவர் வேணாம்னா நான் ஏறல."

அப்பா மூன்றாவது வரிசையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து காதோடு சொன்னேன். பத்துக் கிலோ என்றபோது கடலை உரிப்பதை நிறுத்தினார்.

"பாப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்தப் பொண்ணுக்கு?"

"அவதான்பா வந்து சொன்னா."

ரிங்கைப் பார்த்தார். நாலு மூலையிலும் நாலு கம்பம், கயிற்றில் சுற்றிய சிவப்புத் துணி. "ஆடுறவங்க ரெண்டு பேருக்கும் தெரியும். நடுவுல நான் யாரு" என்றார். எழுந்து அவரே மாஸ்டரிடம் போனார்.

மாஸ்டர் முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் தன் தொப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு இரண்டாவது வரிசையில் இருந்த பாயைப் பார்த்தார். பாய் சீரியல் பல்புகளை மிகவும் ரசித்துக்கொண்டிருந்தார்.

"ரூல்படி அந்தப் பொண்ணு எடை கூட. உங்க பொண்ணு வாக்ஓவர்ல ஜெயிச்சாச்சு. சர்டிபிகேட்ல நான் அப்படித்தான் எழுதணும். அப்புறம் ரெண்டு பேரும் நட்பா ஒரு ஆட்டம் ஆடினா, அது திருவிழா வேடிக்கை, என்னை யாரும் கேக்க முடியாது. பெரிய கிளவுஸ் போடுவேன், ரெஃப்ரியா நானே நிப்பேன், நான் நிறுத்துன்னா நிறுத்தணும்."

"நீங்க நிறுத்தலன்னா நானே ஏறிடுவேன்."

"நீங்க ஏறாதீங்க. உங்க எடையைக் காட்ட பாய் தராசாலகூட முடியாது."

அப்படித்தான் தங்கச்சியின் கை மூன்றாவது முறையாகவும் தூக்கப்பட்டது. மைக்கில் வாக்ஓவர் என்று சொன்னதும் பேக்கரி மாமா நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். ஹாலே சிரித்தது. பிறகு அந்தப் பெண்ணும் ரிங்கில் ஏறினாள். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது சிரிப்பு மெல்ல அடங்கியது.

மாஸ்டர் ரெஃப்ரி ஆகிவிட்டதால் தங்கச்சியின் மூலையில் நான்தான். ஸ்டாப்வாட்சை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலும் துண்டுமாக நின்றேன். எனக்குத் தெரிந்த குத்துச்சண்டை, மணி அடிப்பது மட்டும்தான்.

முதல் ரவுண்டில் தங்கச்சி எட்டவே நின்றாள். பெரிய ஆள் என்றால் தள்ளி நிற்கத்தானே தோன்றும். அந்தப் பெண்ணின் இடது கை நீளமாக வந்துகொண்டே இருந்தது. தங்கச்சி ஓடும் தூரத்துக்கெல்லாம் அது எட்டியது. ஒன்று கன்னத்தில், இரண்டு நெற்றியில், ஒன்று மூக்கில். மூக்கில் விழுந்ததும் ரத்தம் வந்தது. அப்பா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

மணி அடித்ததும் தங்கச்சி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, பல் கவசத்தை என் கையில் துப்பினாள். நான் மூக்கைத் துடைத்தேன்.

"அக்கா, அவ கை எங்க முடியுதோ அங்கதான் வலிக்குது."

"புரியல."

"கை முழுசா நீண்டாத்தான் அடி. உள்ள போயிட்டா அவளுக்கு நீட்ட எடம் இல்ல."

"உள்ள போறதுக்குள்ள ஒண்ணு வாங்கணுமே."

"ஒண்ணுதானே."

நான்கு வருடம் இயந்திரவியல் படித்தேன். விசை, நெம்புகோல், தூரம் எல்லாவற்றுக்கும் சூத்திரம் எழுதித் தேர்வு பாஸ் பண்ணினேன். அந்த ஒரு நிமிட இடைவேளையில் அவள் சொன்னதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்கு அதைச் சொல்லவில்லை. பெரியவர்கள் பெரியவர்களாக இருக்கவும் கொஞ்சம் இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுக்காமல் இருப்பதுதான் சின்னவர்களின் வேலை.

இரண்டாவது ரவுண்டில் அவள் நேராக நடந்தாள். சொன்னது போலவே ஒன்று வாங்கினாள், தலைக்கவசத்தின் மேல். அடுத்தது வருவதற்குள் அந்தப் பெண்ணின் கைகளுக்கு உள்ளே இருந்தாள். காது அவள் நெஞ்சில் ஒட்டியிருந்தது. அங்கிருந்து இரண்டு கையாலும் விலாவில் குட்டையாக, வேகமாக, நிறுத்தாமல் குத்தினாள்.

"முத்தே கிளறுடி பாப்பா, முத்தே கிளறு" என்று பேக்கரி மாமா கத்தினார். கேழ்வரகுக் களி கிளறுகிறவள் இப்படித்தான் முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு கிளறுவாள். அவர் சொன்னது சரியான பார்வை. அந்த சாயங்காலத்துக்குப் பிறகு அவர் அவளை வாக்ஓவர் என்று கூப்பிடவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனேக்கல் பெண்ணும் சும்மா இருக்கவில்லை. அவள் தங்கச்சியைக் கட்டிப்பிடித்து, தன் முழு எடையையும் அவள் தோளில் சாய்த்தாள். அந்தப் பத்துக் கிலோ அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. தங்கச்சியின் கால்கள் நடுங்குவது என் மூலையிலிருந்து தெரிந்தது. மாஸ்டர் பிரித்துவிட்டார். மறுபடி சாய்ந்தாள். தங்கச்சி எதிர்த்துத் தள்ளிப் பார்த்தாள், நடக்கவில்லை.

மூன்றாவது ரவுண்டில் தள்ளுவதை விட்டுவிட்டாள். அந்தப் பெண் சாய வந்தபோது ஒரு காலைப் பக்கவாட்டில் எடுத்து வைத்து விலகிக்கொண்டாள். சாய்வதற்குத் தோள் இல்லாமல் அந்தப் பெண் நேரே கயிற்றில் போய் நின்றாள், கூட்டத்தைப் பார்த்தபடி. முன்வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. திரும்பினபோது தங்கச்சி அங்கேயே காத்திருந்தாள். மூன்று குத்து, மூன்றும் விழுந்தன.

பிறகுதான் அந்த வலது கை வந்தது. எங்கிருந்து என்று எனக்குத் தெரியவில்லை. தங்கச்சி ஒரு முழங்காலில் விழுந்தாள்.

மாஸ்டர் எண்ண ஆரம்பித்தார். ஹாலில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. அப்பா எழுந்துவிட்டார். அவர் ஒரு கையைக் காட்டியிருந்தால் போதும், மாஸ்டர் நிறுத்தியிருப்பார். எண்ணிக்கொண்டே மாஸ்டர் அவரைத்தான் பார்த்தார். தங்கச்சி அப்பாவைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கீழே விரித்த கேன்வாஸைப் பார்த்துக்கொண்டு, ஒரு மூச்சு முழுதாக எடுத்து, எழுந்து, கைகளைத் தூக்கிக் காட்டினாள். அப்பா கையைக் காட்டவில்லை. உட்காரவும் இல்லை. பின்வரிசையில் யாரோ "சார், மறைக்குது" என்றார்கள். அவர் காதில் அது விழவில்லை.

மிச்சம் இருந்த நேரம் முழுவதும் அவள் உள்ளேயே இருந்தாள். மணி அடித்தபோது இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று சொல்ல முடியவில்லை.

நட்பு ஆட்டத்துக்குத் தீர்ப்பு வேண்டாம் என்று மேஜையில் இருந்த மூன்று நடுவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர்கள் வழக்கம் போலப் புள்ளி போட்டு வைத்திருந்தார்கள். இரண்டு பேர் தங்கச்சிக்கு, ஒருவர் அந்தப் பெண்ணுக்கு. அந்தப் பெண்ணின் பி.டி. வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் மட்டும் தங்கச்சியின் கையைத் தானே பிடித்துத் தூக்கினாள். உயர வித்தியாசத்தால் தங்கச்சியின் குதிகால் தரையைவிட்டு எழும்பியது.

"பேடா அக்கா, வேணவே வேணாம்," என்றாள் என்னிடம், விலாவைப் பிடித்துக்கொண்டே. "இதைவிட என் பிரிவு அம்பத்தேழு கிலோ பொண்ணுங்களே பரவாயில்ல. எட்டி நின்னு அடிப்பாங்க."

மூக்கில் பஞ்சோடு தங்கச்சி அப்பாவிடம் வந்தாள். அவர் பாராட்டவில்லை.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"எங்க?"

"மூக்கு. இந்தக் கன்னம். கழுத்து. முட்டியில சிராய்ப்பு."

ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னிடம், "பேனா இருக்கா?" என்று கேட்டார். காகிதம் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. காலையிலிருந்து அதை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலி முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அது அவருடைய வழக்கமான கையெழுத்து மாதிரியே இல்லை. வங்கியில் கொடுத்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். வீட்டுக்குப் போனதும் அம்மா மூக்கைப் பார்த்துவிட்டு அப்பாவைத்தான் திட்டினாள், படுக்கும் வரைக்கும்.

ஹூப்ளியில் தங்கச்சி முதல் ஆட்டத்திலேயே தோற்றாள். எதிராளி அவள் எடை, அவள் உயரம். திரும்பி வந்து சொன்னாள், "அவளும் உள்ள வர்றா அக்கா. ரெண்டு பேரும் உள்ள வந்தா மண்டைதான் முட்டுது." அதற்குப் பிறகு நாலு வருடம் ஆடினாள். ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் கூடுதல். அதைப் பற்றி அவளுக்குக் குறையில்லை.

எனக்குத்தான் சில நாள் அந்த ஹால் ஏக்கமாக வரும். வேலை முடிந்து தொம்மலூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது, கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே எங்கேயாவது ரஸ்க் வாசனை வந்தால். அந்த வாரம், அந்தக் குட்டி பெஞ்ச், எதிரே உட்கார்ந்து இட்லியைப் பற்றிப் பேசிய பெண். அப்பாவின் குள்ளத் தாத்தா கதையை நான் நம்பத் தொடங்கியதும் அன்றிலிருந்துதான். துரை ஆறடியா ஆறரையா என்பது எனக்கு இப்போது முக்கியமாகப் படவில்லை. அவர் எப்படி உள்ளே போனார் என்று மட்டும் யாராவது பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

இப்போதைய நிலை இது. தங்கச்சி ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். சனி, ஞாயிறு சாயங்காலங்களில் அதே ஹாலில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். ஆனேக்கல் பெண் பஸ் கண்டக்டர். ஓய்வு நாளில் வந்து, புதிய பெண்கள் உள்ளே நுழைந்து பழக நின்று கொடுக்கிறாள். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். அவர் சொல்லும் கதையில் அந்த வித்தியாசம் இப்போது இருபத்தைந்து கிலோ ஆகிவிட்டது, நான் திருத்துவதில்லை. மூன்று மெடலும் வீட்டு ஷோகேஸில் இருக்கின்றன, மூன்றின் சான்றிதழிலும் வாக்ஓவர் என்றே இருக்கிறது. கிளப்புக்கு டிஜிட்டல் எடை மெஷின் வந்துவிட்டது. அவ்வப்போது அதன்மேல் ஒரு தண்ணீர் கேனை வைத்துப் பார்க்கிறேன். சரியாகக் காட்டுகிறது.